பின்வாசலுக்கு ஒரு ஆமென்

பின்வாசல் வழியாக வந்து கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவள் ஞானப்பூ. அன்றைக்கு அவளுக்கு மனசே சரியில்லை. கோயில் கிணற்றடி சந்தைக்கடை மாதிரி இரைகிறது, அந்தப் பின்வாசலை அடைத்துவிட வேண்டும் என்று புதுசாக வந்த குருவானவர் கிளம்பிவிட்டார். ஊரே அந்தக் கிணற்றில் குடிதண்ணீர் எடுக்க வருகிற வழி அது.

சபைக் கூட்டத்தில் அவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "ஞானம் கேட்டு ஜெபித்துத்தான் முடிவெடுத்திருக்கிறேன். யாரும் யோசனை சொல்லவேண்டாம். தீர்மானத்தை வாசிக்கிறேன், ஆமென் மட்டும் சொல்லுங்கள், போதும்."

கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

"ஆமென்!" என்றாள் ஞானப்பூ.

"நான் இன்னும் வாசிக்கவே இல்லையேம்மா?"

"கேட்டுட்டுச் சொன்னா அதுல என் யோசனையும் கலந்துருமே, ஐயா!"

சபை கொல்லென்று சிரித்தது. குருவானவருக்கு முகம் சிவந்துபோயிற்று. ஆனால் ஞானப்பூ சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"சரி தாயி, உன் யோசனையைச் சொல்லு."

"வாசலை அடைச்சா, குடத்தோட வர்ற பிள்ளைங்க எங்கய்யா போவும்?"

அவர் கையிலிருந்த தாளை மெதுவாக மடித்தார்.

"ஞானம் கேட்டு ஜெபித்தேன். அது பின்வாசல் வழியா வந்திருக்கு. அதைப் போய் அடைக்கப் பார்த்தேனே!"

சபை முழுவதும் ஆமென் என்றது. ஞானப்பூவும் சொன்னாள், இந்தத் தடவை முழுசாகக் கேட்டுவிட்டு.