தாளாளருக்கு ஒரு அடைமொழி

பள்ளித் தாளாளர் வைரவநாதனுக்குத் தன் பெயர் தனியாக வந்தால் தோளில் துண்டில்லாத மாதிரி இருக்கும். முன்னால் நாலு அடைமொழியாவது வேண்டும். ஆண்டு விழாவுக்கு முதல் நாள், மூன்றாம் வகுப்புத் தற்காலிக ஆசிரியை ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

“நாளைக்குக் கல்வி அதிகாரி வர்றார். பிள்ளைங்க என் பேருக்கு முன்னால அடைமொழி அடுக்கணும். அவங்களே யோசிச்சதா இருக்கணும், எழுதிக் கொடுத்தா அவர் கண்டுபிடிச்சிடுவார். சரியா வரலேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை.”

“சரிங்க ஐயா” என்றாள் ஜெசிந்தா. வகுப்புக்குப் போய்க் கரும்பலகையில் ‘குடை’ என்று எழுதினாள். “எப்படிப்பட்ட குடை? கண்ணால பார்த்ததை மட்டும் முன்னால சேருங்க.”

“கம்பி முறிஞ்ச கறுப்புக் குடை, டீச்சர்!”

“அவ்வளவுதான். நாளைக்கு ஐயாவுக்கும் இப்படியே சொல்லுங்க.”

மறுநாள் மேடையில் சின்னப் பெண் ரோஸ்லின் மைக்கைப் பிடித்தாள். “தண்ணியே வராத கழிப்பறைக்கு மூணு தடவை ரிப்பன் வெட்டின, வெள்ளை வேட்டி கட்டின எங்கள் தாளாளர் வைரவநாதன் ஐயா!”

கூட்டம் சிரித்து ஓய நேரமாயிற்று. தாளாளர் பல்லைக் கடித்தார். “என்னம்மா இது, இவ்வளவு நீளமா?”

ஜெசிந்தா பணிவாகக் கைகூப்பினாள். “குழாயில தண்ணி விட்டுட்டீங்கன்னா பாதி குறைஞ்சிடும் ஐயா.”

அதிகாரி எழுந்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அந்த வாரமே தண்ணீர் வந்துவிட்டது. ஜெசிந்தாவை நிறுத்தினால் ஏன் என்று அதிகாரி கேட்பாரே! அதனால் அவளும் வந்துகொண்டுதான் இருக்கிறாள்.