முதலை உண்டு

"ரெண்டு மரத்துலயும் கால் வைக்கிறவனுக்கு…" என்று கலைப்பள்ளித் திறப்பு விழாவில் கிழட்டு ஆமையார் பேச ஆரம்பித்தார். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினார். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்துத் தவளைகள் கைதட்டிவிட்டன. மீதி யாருக்கும் கேட்கவில்லை. பிறகு ஆமையாரிடமே போய்க் கேட்டதற்கு, "அன்னைக்கு நான் பேசினேனா?" என்றார்.

அந்தப் பாதி வாக்கியத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட்டது மூவரி என்கிற அணில். வெள்ளிமடுக் கரையில் இருந்த அந்தப் பள்ளியில், இரண்டு மரத்தடியிலும் சேர்ந்து படித்தவன் அவன் ஒருவன்தான்.

காலையில் மருத மரத்தடியில் ஓவிய வகுப்பு. எருமை வாத்தியார் நடத்தினார். கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்துகொண்டு, "முதல்ல பாரு" என்பார். மதியம்வரை வேறொன்றும் சொல்லமாட்டார்.

சாயங்காலம் வேப்ப மரத்தடியில் பலகை வகுப்பு. காட்டுக்கு வேண்டிய அறிவிப்பு, அடையாளம், அம்புக்குறி எல்லாம் அங்கேதான் தயாராகும். மரங்கொத்தி சார் நடத்தினார். அவருக்குத் தெரிந்த பாடம் ஒரே சொல்தான். "குறை! குறை! குறை!"

மூவரிக்கு வால்தான் தூரிகை. ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு ஓடும்போது அதைக் கழுவ நேரம் இருக்காது. காலையில் தொட்ட வண்ணம் சாயங்காலப் பலகையில் சொட்டும். வண்ணம் மட்டுமா சொட்டியது?

ஒருநாள் மரங்கொத்தி சார், "பாம்புப் புத்துக்கு ஓர் எச்சரிக்கைப் பலகை போடு" என்றார். மூவரி நாற்பது இலை வரைந்தான். ஒவ்வோர் இலையிலும் ஒரு பனித்துளி.

"பாம்பு எங்கே?" என்றார் சார்.

"இலைக்குப் பின்னால இருக்கு சார். நிதானமாத் தேடினா தெரியும்."

"தேடுறவனை அது அதுக்குள்ள கடிச்சிடாதா?"

மறுநாள் காலை எருமை வாத்தியார், "மடுவை வரை" என்றார். மூவரிக்கு நேற்று வாங்கிய திட்டு இன்னும் ஆறவில்லை. ஒரு கோடு போட்டான். அதன் மேல் ஒரு புள்ளி வைத்தான். நீட்டினான். வாத்தியார் அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் அசைபோட்டார். மூன்றாம் நாள் கேட்டார்.

"மீதி மடு எங்கேப்பா?"

"குறைச்சிட்டேன் ஐயா."

"யாரைக் கேட்டு?"

வாத்தியார்கள் இருவரும் கூடிப் பேசினார்கள். அதுவரை அவர்கள் எதிலும் ஒத்துப்போனதே இல்லை. இதில் ஒத்துப்போனார்கள்.

"அமாவாசைக்குள்ள ஒரு வேலை கொண்டுவா. ரெண்டு பேரும் பார்ப்போம். யாருக்குப் பிடிக்கலையோ அவர் வகுப்புல உனக்கு இடம் கிடையாது!"

மூவரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலை வகுப்பு இல்லாவிட்டால் அவனுக்குக் கண் இல்லாதது மாதிரி. சாயங்கால வகுப்பு இல்லாவிட்டால் வாய் இல்லாதது மாதிரி. எதை விடுவது?

அந்த வாரம் வடக்குத் துறைக்கு ஒரு முதலை குடிவந்தது. முதல் நாளே ஒரு கொக்கு காணாமல் போயிற்று. காட்டுத் தலைவரான கலைமான், பலகை வைக்கச் சொல்லி மூவரியைத் தேடி வந்தார். பெயரிலேயே கலை இருப்பதால் கலை பற்றி எல்லாம் தனக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம்.

"படம் பெருசா இருக்கணும். எழுத்து கொஞ்சமா இருக்கணும். ஆனா எல்லாம் சொல்லியிருக்கணும்" என்றார்.

"சரிங்க தலைவரே."

"அழகாவும் இருக்கணும். பயமாவும் இருக்கணும். பார்த்தா மனசுக்கு இதமா இருக்கணும்."

"பயமா, இதமாங்களா?"

"ரெண்டும்தான்! பேரிலேயே கலையை வெச்சுக்கிட்டுச் சொல்றேன், கேளு!"

தலைவர் போனதும் மூவரிக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. பலகையின் முக்கால் பாகத்தில் எருமை வாத்தியாருக்குப் பிடித்த மாதிரி ஓவியம். மீதிக் கால் பாகத்தில் மரங்கொத்தி சாருக்குப் பிடித்த மாதிரி எழுத்து. ஒரே பலகை. இரண்டு தேர்வும் முடிந்தது!

முதலில் ஓவியம். 'முதல்ல பாரு' என்றல்லவா பாடம்? துறைக்கு மேலே நீண்ட கிளையில் உட்கார்ந்து மூன்று நாள் முதலையைப் பார்த்தான். தாடை எங்கே மடிகிறது, கண் எப்படிப் பாதி மூடுகிறது, வால் எந்தப் பக்கம் முதலில் அசைகிறது, எல்லாம் பார்த்தான்.

முதலையும் அவனைப் பார்த்தது.

"யாரது கிளையில?"

"உங்களை வரையறேன் ஐயா."

"என்னையா!" முதலைக்கு வெட்கம் வந்துவிட்டது. "இத்தனை வருஷத்துல ஒருத்தனும் என்னை வரைஞ்சதில்லப்பா. கிட்டே வந்தவனெல்லாம் பாதியிலேயே போயிட்டான். எங்கே வைக்கப் போறே?"

"இந்தத் துறையிலதான்."

"நல்ல இடம்" என்றது முதலை. கொஞ்சம் யோசித்தது. "பல் தெரியாம வரை தம்பி. வாயைத் திறந்தா நான் நானாவே இருக்கமாட்டேன். இயல்பா இருக்கும்போது வரைஞ்சாத்தானே உயிர் வரும்? நான் இயல்பா இருக்கறது சாப்பிட்டு முடிச்ச பிறகுதான்."

எருமை வாத்தியாரே வந்து சொன்ன மாதிரி இருந்தது மூவரிக்கு. முதலை ஒரு பெரிய கெளுத்தி மீனை விழுங்கிவிட்டு வெயிலில் படுத்தது. அவன் வரைந்தான். உப்பிய வயிறு. பாதி மூடிய கண். முதுகின் ஒவ்வொரு முள்ளிலும் பொன்னிற வெளிச்சம். மூடிய வாயோரத்தில் ஒரு திருப்தி.

அடுத்து எழுத்து. 'வடக்குத் துறையில் முதலை உண்டு, யாரும் இறங்காதீர்கள்' என்று எழுதிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போனான்.

"நிக்கிறதே வடக்குத் துறையில. அப்புறம் எதுக்கு 'வடக்குத் துறையில்'? குறை!" டொக்!

"சரி சார்."

"முதலை இருக்குன்னா எவன் இறங்குவான்? 'இறங்காதீர்கள்' எதுக்கு? குறை!" டொக்! டொக்!

கடைசியில் இரண்டே சொல் மிஞ்சியது: முதலை உண்டு.

மரங்கொத்தி சார் பலகையைப் பார்த்தார். "ரெண்டு சொல்! இதுக்கு மேல கொத்த இடமே இல்ல. தேறிட்டே!" என்றார்.

எருமை வாத்தியார் தண்ணீரைவிட்டு எழுந்தே வந்துவிட்டார். "முதலையோட மனசு தெரியுதுப்பா" என்று கண் கலங்கினார். "தேறிட்டே!"

கலைமான் தலையை ஆட்டினார். "நான் சொன்ன மாதிரியே இருக்கு!"

பலகையைத் துறையில் நட்டார்கள். யாராவது வந்து பாராட்டுவார்கள், கேட்கலாம் என்று மூவரி மேலே கிளையில் உட்கார்ந்துகொண்டான். படத்தில் அங்கங்கே தொட்டுச் சரிசெய்யக் கரி குழைத்த தொன்னை ஒன்றும் பக்கத்தில் இருந்தது.

முதலில் வந்தவள் முயலக்கா. பின்னால் ஆறு குட்டிகள். தெற்குத் துறைக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டே வந்தவள், பலகையைப் பார்த்து நின்றாள்.

"முதலை… உண்டு…" என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். "உண்டுன்னா சாப்பிட்டுன்னு அர்த்தம். 'முதலை உண்டு முடித்தது'ன்னு எழுத வந்திருக்காங்க. இடம் பத்தலை போல!"

"இருக்குன்னும் அர்த்தம் வருமேம்மா?" என்றது மூத்த குட்டி.

"படத்தைப் பாருடி! வயிறு எப்படி உப்பியிருக்கு பாரு. கண்ணு சொக்குது. சாப்பாடு ஆயிடுச்சு, இப்ப தாராளமா வரலாம்னு அறிவிப்பு போட்டிருக்காங்க. தலைவருக்கு நம்ம மேல எவ்வளவு அக்கறை! வாங்க, வரிசையா இறங்குங்க!"

மேலே மூவரிக்கு 'கண்ணு சொக்குது' என்று கேட்டதும் நெஞ்சு பூரித்தது. அடுத்த சொற்கள் காதில் விழுந்ததும் கிளை நுனிக்கு ஓடினான்.

"அக்கா! இறங்காதீங்க! அக்கா!"

"பார்த்தோம் தம்பி, பார்த்தோம்! ரொம்ப அழகா இருக்கு!" என்று கையை ஆட்டினாள் முயலக்கா. "பாராட்டு வாங்காம விடமாட்டான் போல" என்று குட்டிகளிடம் சொல்லிக்கொண்டு மேலும் இறங்கினாள்.

"அது சாப்பிட்டு மூணு நாள் ஆச்சு அக்கா!"

"மூணு நாளா வரைஞ்சியா? அதான் இவ்வளவு நல்லா வந்திருக்கு!"

தண்ணீரில் ஒரு கோடு நகர்ந்தது. முதலையின் வால் இடப்பக்கம் அசைந்ததை மூவரி பார்த்தான். மூன்று நாள் பார்த்தவன் அவன். இடப்பக்கம் அசைந்தால் அடுத்தது பாய்ச்சல்தான்.

வாலைக் கரித் தொன்னையில் முக்கினான். கிளையிலிருந்து நேரே பலகை மேல் குதித்தான். அந்தப் பொன்னிற வெளிச்சத்தின் மேல், அந்த வாயோரத் திருப்தியின் மேல், கறுப்பாக இழுத்தான். மேலே ஒரு வளைவு. கீழே ஒரு வளைவு. இடையில் பல், பல், பல். அவற்றின் நடுவிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு நீளக் காதுகள்!

"அம்மா!" என்று கத்தியது கடைசிக் குட்டி. அதற்கு இன்னும் எழுத்தே தெரியாது. "அது நம்ம காது!"

ஏழு முயல்களும் கரையேறி ஓடிய ஓட்டத்தில் புழுதி பறந்தது. முதலை பாய்ந்தது. வாய் நிறையச் சேறுதான் கிடைத்தது. அதைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது பலகை கண்ணில் பட்டது.

"ஐயோ, என் முகம்!" என்று அலறியது. "சாப்பாடு போனா போகுது! படத்தை இப்படி நாசம் பண்ணிட்டியேடா பாவி!"

சத்தம் கேட்டு எல்லோரும் வந்தார்கள். கலைமான் பலகையைப் பார்த்துவிட்டு, "இதமா இல்லையே" என்றார். முயலக்கா புதருக்குள்ளிருந்தே, "நீங்க வந்து இறங்கிப் பாருங்க தலைவரே, இதமா இருக்கும்!" என்றாள்.

மரங்கொத்தி சார் பலகையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தார். "சொல்லே வேண்டாம்னு குறைச்சிட்டான் பாருங்க! இது என் வகுப்பு. இனிமே இவன் முழுக்க முழுக்க இங்கேதான் படிக்கணும்!"

"தாடை எங்கே திறக்கும்னு தெரியாம அந்த வளைவு வருமா?" என்றார் எருமை வாத்தியார். "மூணு நாள் பார்த்தவனுக்குத்தான் மூணு கோடு வரும். அது என் பாடம். நீங்க கொத்திக் கொத்தி உண்டாக்கின குழப்பம்தானே இது?"

"உங்க சொக்குற கண்ணுதானே அவங்களை இறக்கிவிட்டுச்சு?"

"உங்க ரெண்டு சொல்!"

"உங்க உப்பின வயிறு!"

வகுப்பில் இடம் கிடையாது என்று அவனை மிரட்டியவர்கள் இன்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். "எந்த மரம்னு நீயே சொல்லிடு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பினார்கள்.

மூவரி கரி சொட்டும் வாலோடு பலகையடியில் உட்கார்ந்திருந்தான். மூன்று நாள் பார்த்து இழைத்த படம் போய்விட்டது. அதைவிட வேறொன்று அவனைக் குடைந்தது. படம் வரையும்போது எருமை வாத்தியார் முகத்தை நினைத்தான். எழுதும்போது மரங்கொத்தி சார் முகத்தை நினைத்தான். தண்ணீர் குடிக்க வருகிறவள் முகம் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. இரண்டு பாடத்திலும் தப்பு இல்லை. தேர்வில் தேறிவிட வேண்டும் என்று இரண்டையும் ஒரே பலகையில் ஒட்டிக்கொண்டு வந்ததுதான் தப்பு.

மதிப்பெண் போடுகிறவரை மட்டும் நினைத்துச் செய்கிற வேலை, அதை நம்பி வருகிறவரைத் தண்ணீரில் இறக்கிவிடும்.

காலையில் மருத மரத்துக்கும் சாயங்காலம் வேப்ப மரத்துக்கும் போவது, இரண்டுக்கும் ஒரே படத்தைக் கொண்டுபோவதில்லை, எந்தப் பலகையையும் வாத்தியார்களுக்குக் காட்டும் முன்பே முயலக்காவிடம் காட்டுவது என்று மூவரி முடிவு செய்தான்.