முடிவில்லாத காலமும் ஒரு பரிசலும்

ஆற்றுக்கு இக்கரையில் புங்கந்துறை என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையவே உண்டு. எடுத்துச் செலவழித்தால் தீர்ந்துவிடுமோ என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்க் காளியண்ணனுக்கு மூன்று இடம் தட்டிப்போன பிறகு ஒருவழியாகக் கல்யாணம் கூடிவந்தது. பெண் அக்கரை, பேர் பாவாயி. பெண் பார்க்கப் போன அன்று, பாடத் தெரியுமா என்று காளியண்ணனின் தாய்மாமன்கள் அவளைக் கேட்டார்கள். அவள் பேசாமல் நிற்கவே, கேட்டதற்கு யாராவது பாடத்தானே வேண்டும் என்று இவனே எழுந்து இரண்டு பாட்டுப் பாடினான். சிரித்துச் சிரித்து அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அவள் அப்பாவுக்குத்தான் மனசில்லை. கல்யாணத்தன்று பத்தரைக்குள் மாப்பிள்ளை வராவிட்டால் பெண்ணின் அத்தை மகன் தயாராக இருக்கிறான் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

அன்று காலை எட்டு மணிக்கே மாப்பிள்ளையும் தாய்மாமன்கள் மூவரும் துறைக்கு வந்துவிட்டார்கள். மூத்தவர் நாச்சிமுத்து, இரண்டாமவர் செங்கோடன், இளையவர் மாரப்பன். பரிசல் அக்கரையில் கட்டிக் கிடந்தது. இங்கிருந்து கைதட்டினால் பரிசல்காரர் வருவார். ஆனால் மாமன்கள் மூவர் கையிலும் சீர்த்தட்டு. அதை வழியில் கீழே வைக்கக் கூடாது. மாப்பிள்ளை கைதட்டினாலோ மரியாதைக் குறைவு. நால்வரும் பரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது குடை பிடித்தபடி ஒருவர் அந்த வழியாக வந்தார். நிறையப் படித்தவர், அதனால் கேட்காமலேயே பேசுவார். “எதுக்குங்க கவலை? காலத்துக்கு முடிவே இல்லை. நடக்க முடிஞ்சது எதுவானாலும் என்னைக்காவது நடந்தே தீரும். அந்தப் பரிசல் தானா அவுந்து இங்கே வந்து நிக்கறதும் நடக்கும். முடிவில்லாத காலம் கிடக்குது, வேணுங்கறதை எடுத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இவ்வளவு காலத்தை ஒரே ஆளாகக் கொடுத்துவிட்டுப் போகிறாரே என்று மாமன்களுக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டோடு மணலில் உட்கார்ந்தார்கள்.

மாரப்பனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “அண்ணா, எல்லாமே நடக்கும்னா, முதலை வர்றதும் நடக்குமே?”

செங்கோடன் யோசித்துச் சொன்னார். “வரும். வந்தது திரும்பிப் போறதும் நடக்கும்ல. போற வரைக்கும் காலை மடக்கி வெச்சுக்குவோம்.”

காளியண்ணன் குறுக்கிட்டான். “மாமா, அதுக்குள்ள நான் கிழவனாயிட்டா?”

“கிழவனாவே. பொறவு மறுபடி குமரனாகறதும் நடக்கும். அதுக்குப் பொறவு தாலி கட்டிக்கலாம்” என்றார் நாச்சிமுத்து. மாப்பிள்ளைக்கு இது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அத்தை மகனை நினைத்ததும் அழுகை வந்தது.

ஒன்பதரைக்கு, மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் பரிசல்காரரே துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார். ஏறுங்க என்றார். யாரும் அசையவில்லை.

“பரிசல் தானா வந்துச்சா, நீங்க தள்ளிட்டு வந்தீங்களா?” என்று விசாரித்தார் நாச்சிமுத்து.

“நாந்தானுங்க தள்ளிட்டு வந்தேன்.”

“அப்ப இது நாங்க காத்திருக்கிற பரிசல் இல்லீங்க. கொண்டுபோய் அக்கட்டயே நல்லா இறுக்கிக் கட்டிவையுங்க. தானா அவுந்தா எங்களுக்குத் தெரியோணும்.”

பரிசல்காரர் தலையில் அடித்துக்கொண்டு அக்கரை போய் நடந்ததைச் சொன்னார். பெண்ணின் அப்பா அத்தை மகனைப் பார்த்தார். அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டான். பாவாயி மாலையும் கழுத்துமாக எழுந்தாள். ஐயரை ஒரு கையிலும் தாலித் தட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நேரே போய்ப் பரிசலில் ஏறிவிட்டாள். அப்பாவும் வேறு வழியில்லாமல் பின்னால் ஏறினார்.

பரிசல் இக்கரை வந்து நின்றதும், “பாத்தியா, கல்யாணமே தானா வந்துருச்சு” என்றார் செங்கோடன்.

மணி பத்து இருபத்தைந்து. மணலிலேயே மணமக்களை உட்காரவைத்து ஐயர் மந்திரத்தை ஓடவிட்டார். காளியண்ணன் தாலிக்கயிற்றின் இரண்டு நுனியையும் அவள் பின்கழுத்தில் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று.

“ஏனுங்க, முடிச்சுப் போடுங்க” என்றாள் பாவாயி மெதுவாக.

“செத்த இருங்க. அது தானா விழறதும் நடக்கக்கூடியதுதானுங்க.”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், அவன் விரல்களைக் கெட்டியாகப் பிடித்து, அந்த விரல்களாலேயே மூன்று முடிச்சையும் போட்டு முடித்தாள். மணி பத்து இருபத்தொன்பது.

“தானா விழுந்துருச்சு மாமா” என்று காளியண்ணன் ஆனந்தக் கண்ணீர் விட்டான்.

மாமன்கள் சீர்த்தட்டுகளைச் சம்பந்தியிடம் ஒப்படைத்தார்கள். பெண் வீட்டாரையும் மாப்பிள்ளையையும் அக்கரையில் இறக்கிவிட்டு, மாமன்களை விருந்துக்கு அழைத்துப்போகப் பரிசல்காரர் மறுபடி வந்தார். மூவரும் மணலில் கவலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“இலை போட்டாச்சுங்க, வாங்க.”

“எப்படிங்க வர்றது?” என்றார் நாச்சிமுத்து. “அந்தக் குடைக்காரர் முடிவில்லாத காலத்தைக் கொடுத்துட்டுப் போயிட்டார். எங்களுக்கு ரெண்டரை மணி நேரந்தான் ஆச்சு. மிச்சத்தை அவர்கிட்டத் திருப்பிக் கொடுக்கோணும்.”

“அவர் எந்தப் பக்கம் போனாருன்னு தெரியுமுங்களா?”

“தெரியாதுங்க. அதனால என்ன, அவர் திரும்பி இந்த வழியா வர்றதும் நடக்கக்கூடியதுதானே” என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து காலை மடக்கிக்கொண்டார்.