நீராழி மண்டபத்துச் சீமை

முன்னொரு காலத்தில், மூன்று வருடமாய் மழை முகம் காட்டாத ஒரு கடற்கரை நாட்டில், ராசாவுக்கு ஒரு ஆசை வந்தது. ராசாக்களுக்கு ஆசை வருவது புதிதில்லை. ஒருவர் புலிப்பால் கேட்பார், இன்னொருவர் நிலாவில் மாளிகை கேட்பார். இவருக்கு வரி கட்டாமல் வாழ வேண்டும் என்று ஆசை.

ராசாவுக்கு ஏது வரி என்று கேட்காதீர்கள். அவருக்கு மேலே ஒரு பேரரசர் இருந்தார். உப்பளத்திலும் முத்துக்குளிப்பிலும் ராசா வீட்டுக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கு அவருக்குப் போயாக வேண்டும். அந்தப் பங்கை மூட்டை கட்டும் நாளில் ராசாவுக்குச் சோறு இறங்காது. குடிகளிடம் தாம் பிடுங்குவதெல்லாம் அவருக்கு வரியாகவே தெரிந்ததில்லை. தம் கையை விட்டுப் போவதுதான் வரி.

அப்போது கப்பலில் வந்த வெள்ளைக்கார வியாபாரி ஒருவன் துணிமணியோடு ஒரு சேதியும் கொண்டுவந்தான். சீமையில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்களாம். பத்து வருடம் அந்த மண்ணில் குடியிருக்காதவன் புதிதாக அங்கே போய்க் குடியேறினால், வெளிநாட்டிலிருந்து அவனுக்கு வரும் வருமானத்தை நான்கு வருடம் தொடமாட்டார்களாம். ஐந்தாம் வருடத்திலிருந்து எல்லோரையும் போல அவனும் கட்ட வேண்டுமாம்.

பிரதானி சோமநாதர் இதைக் கேட்டதும் நெய்யில் விழுந்த அப்பமாய் மினுங்கினார்.

“மகாராஜா சீமைக்கு எழுந்தருளினால் பேரரசர் யாரிடம் கப்பம் கேட்பார்? ஊரில் இல்லாதவரிடம் கேட்க முடியுமா? அங்கேயும் நான்கு வருடம் கைவைக்க மாட்டார்கள். இங்கே வரும் வருமானத்தை அடியேன் திரட்டி, கப்பல் கப்பலாக அனுப்பிவைக்கிறேன்.”

“ஐந்தாம் வருடம்?” என்று சபையின் ஓரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. விகடகவி இருளப்பன்.

“திரும்பி வந்துவிடலாம்.”

“திரும்பி வரும்போது சிங்காதனம் காலியாக இருக்குமா, பிரதானியாரே?”

சபை கொல்லென்று சிரித்தது. பிரதானி மட்டும் சிரிக்கவில்லை.

இருளப்பன் அன்று வேடிக்கைக்காகப் பேசவில்லை. அவன் உப்பளத்துக் குடியில் பிறந்தவன். தங்கை நாச்சியின் புருஷன் மூக்கனும், மூக்கனின் தம்பி சடையனும் கோட்டைச் சிறையில் கிடந்தார்கள். மழையில்லாத ஊரில் உப்பு மலைமலையாய் விளையும். ஆனால் உலையில் போட அரிசியில்லாதவன் உப்பை வாங்கி என்ன செய்வான்? உப்பு விற்கவில்லை, அண்ணன் தம்பி இருவரும் வரி கட்டவில்லை. பிரதானி தூக்கு என்றார். அடுத்த பௌர்ணமிச் சபையில் தாமே விசாரிப்பதாக ராசா சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லில்தான் இரண்டு உயிரும் தொங்கிக்கொண்டிருந்தன. கப்பலோ பௌர்ணமிக்கு முன்பே கிளம்புகிறது.

நாச்சி அண்ணனைத் தேடி அரண்மனை மடைப்பள்ளி வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, ராசா ஊர்ல இருந்தாத்தான் எங்க வீட்டாளுக்கு உசிரு. அவரு கப்பல் ஏறுன அன்னைக்கே பிரதானி கயித்தக் கையில எடுத்துருவான். எல்லாரையும் சிரிக்க வைக்கிறியே, ராசாவையும் சிரிக்க வச்சு நிறுத்திப்போடு.”

“அழாத தாயி. மச்சானுக்கு ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல.”

சொல்லிவிட்டான். சொல்வது சுலபம்.

மறுநாள் சபையில் அவன் மறுபடியும் வாயைத் திறந்தபோது பிரதானி காத்திருந்தார். “இருளப்பன் சீமையைக் கண்ணால் கண்டானா, மகாராஜா? காணாத நாட்டைப் பழிக்கும் நாக்கு எதற்கு?”

ராசா தலையாட்டினார். “நியாயமான கேள்வி. இருளப்பா, கப்பல் ஏறாமல், கோட்டை மதிலைத் தாண்டாமல் நீ எனக்குச் சீமையைக் காட்ட வேண்டும். காட்டினால் போவதா இருப்பதா என்று யோசிக்கிறேன். தவறினால் உன் நாக்கை அறுக்கச் சொல்வேன்.”

இருளப்பன் கைகட்டிக் கேட்டான்.

“மகாராசா, சீமை என்பது ஒரு தீவுதானே?”

“ஆம்.”

“சுற்றிலும் தண்ணீர், நடுவில் குடியிருப்பு. அரண்மனைத் தெப்பக்குளத்து நீராழி மண்டபமும் அப்படித்தான். நாளைக் காலையில் அதுவே சீமை. நான்கு வருடத்துக்கு நான்கு நாள் தாங்கள் அங்கே குடியிருக்க வேண்டும். அங்கே தாங்கள் ராசா இல்லை, புதிதாக வந்த குடி. கரையிலிருந்து வரும் வருமானத்தை ஒருவரும் தொடமாட்டோம். நாலாம் நாள் பொழுது சாயும்வரை இருந்துவிட்டால் தாராளமாகக் கப்பல் ஏறுங்கள். அதற்குள் தண்ணீரில் கால் வைத்தால் சீமைப் பேச்சை அன்றோடு விட்டுவிட வேண்டும்.”

ராசாவுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. பிரதானிதான் குறுக்கிட்டார். “ஒத்திகை என்றால் முழு ஒத்திகையாக இருக்கட்டும். மகாராஜா அயல்நாட்டில் இருக்கும்போது முத்திரை மோதிரம் யாரிடம் இருக்கும்?”

“உம்மிடம்தான்,” என்று ராசா கழற்றிக் கொடுத்தார்.

இருளப்பன் மனசுக்குள் சிரித்துக்கொண்டான். பிரதானி மோதிரத்தைக் கேட்க வேண்டும் என்றுதான் அவன் காத்திருந்தான். மோதிரம் கைக்குப் போனால் கை பெட்டிக்குள் போகும், அதை ராசாவே உட்கார்ந்து பார்ப்பார், கப்பல் ஆசை கரைந்துவிடும். திருடனுக்குத் திருட்டுப் புத்தி வரும் என்ற அவன் கணக்கு சரியாகவே இருந்தது. கொலைப் புத்தியும் வரலாம் என்பதை மட்டும் அவன் சேர்க்கவில்லை.

மறுநாள் ராசாவைப் பரிசலில் ஏற்றினார்கள். மூன்று வருடமாய் மழை காணாத குளம். பரிசலின் அடி தரையை உரசி உரசித்தான் போனது. மண்டபத்தில் இருளப்பன் ஈர விறகைப் புகையவிட்டு, “இதுதான் சீமைப் பனிமூட்டம்” என்றான். உப்பும் காரமும் இல்லாத கஞ்சியை வைத்து, “இதுதான் சீமைச் சாப்பாடு” என்றான். கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சீமை வரி அதிகாரியாய்த் தானே உட்கார்ந்தான்.

முதல் நாள் கரையிலிருந்து உப்பள வருமானப் பெட்டி வந்தது. பேரரசர் பங்கு கழியாமல் முழுசாக வந்தது. ராசா அதன்மேல் கையை வைத்தபடியே தூங்கினார். மாலையில் பொழுது போகாமல் தூண்டில் போட்டு ஒரு கெண்டை பிடித்தார். இருளப்பன் அதில் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டான்.

“அடே, தொடமாட்டோம் என்றாயே!”

“வெளியிலிருந்து வருவதைத்தான் தொடமாட்டோம், ஐயா. இது சீமையிலேயே விளைந்தது.”

ராசா விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டாம் நாள் பெட்டி பாதிதான் நிறைந்திருந்தது. பரிசல் கூலி, காவல் கூலி, எண்ணும் கூலி என்று காரணம் வந்தது. மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்க ஒரு விரல் போதும். ராசா படியில் நின்று கரையைப் பார்த்துக் கத்தினார். படித்துறைக் காவலன் பணிவாகவே சொன்னான்: “அயல்தேசத்தார் கோட்டைக் காரியத்தில் தலையிடக் கூடாது என்று பிரதானியார் உத்தரவுங்க.”

“பார்த்தீர்களா, மகாராசா?” என்றான் இருளப்பன். “குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே இப்படி. கடலுக்கு அந்தப் பக்கம் போனால்?”

ராசா மீசையை முறுக்கினார். “பார்த்தேன். இவனை மாற்றிவிட்டு வேறொரு யோக்கியனை வைத்துவிட்டுப் போகிறேன். நாளைப் பொழுது சாய்ந்தால் நாலு நாள் முடிந்தது.”

இருளப்பன் போட்ட கணக்கு பிசகியது. ஆசை கரையவில்லை.

நாலாம் நாள் வெயில் ஏறும்போது தண்டோராச் சத்தம் கேட்டது. உப்பு வரி கட்டாத மூக்கனுக்கும் சடையனுக்கும் பிரதானியார் முத்திரையிட்டபடி இன்றே தூக்கு. குளத்துக்கு அப்பால், இடிந்த மதில் வழியாகத் தூக்குமரம் தெரிந்தது. அதன் கீழே ஆட்கள் ஏணி சாத்திக்கொண்டிருந்தார்கள்.

இருளப்பன் கம்பளியை வீசிவிட்டு ராசாவின் காலில் விழுந்தான்.

“விளையாட்டு முடிந்தது, மகாராசா. கரைக்கு வாருங்கள். தாங்கள் விசாரிப்பதாகச் சொன்ன ஆட்கள். மூக்கன் என் தங்கை புருஷன்.”

“தெரியும், இருளப்பா. எனக்கும் வருத்தம்தான். பொழுது சாயட்டும், முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பேன்.”

“அதுவரை உயிர் இருக்குமா?”

ராசா தண்ணீரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். “இப்போது கால் வைத்தால் கப்பல் போய்விடும். நீ வைத்த நிபந்தனைதானே? மூன்றில் ஒரு பங்கு, இருளப்பா. வருடா வருடம் மூன்றில் ஒரு பங்கு.”

அதற்குமேல் அவன் கெஞ்சவில்லை. தண்ணீரில் இறங்கி ஓடினான். படித்துறையில் இரண்டு ஈட்டிகள் அவன் நெஞ்சுக்கு நேரே நீண்டன. “சீமைக்காரனை ஏறவிடக் கூடாதுன்னு உத்தரவு. மன்னிச்சுக்கோ இருளப்பா, எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு,” என்றான் பழகின காவலன். அங்கே தண்ணீரில் நின்றபடியேதான் இருளப்பன் பார்த்தான். மூக்கனை ஏற்றினார்கள். ஏணியை இழுத்தார்கள். மூக்கன் கத்தக்கூட இல்லை.

சடையனையும் ஏணிக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது கோட்டைக்குள்ளிருந்து பட்டத்து யானை அசைந்து வெளியே வந்தது. அதன்மேல் பிரதானி. பிரதானி தலைக்குமேல் ராசாவின் வெண்கொற்றக் குடை.

“அடப்பாவி! என் குடை!” என்று மண்டபத்திலிருந்து ஓர் அலறல் கேட்டது.

ராசா தண்ணீரில் குதித்தார். சேறும் பட்டும் ஒன்றாய்த் தெறிக்க நடந்து வந்தார். ஈட்டிகள் தானாகக் கீழே விழுந்தன. யானை மண்டியிட்டது. பிரதானி குடைக்குக் கீழே இருந்து கும்பிட்டார். சடையன் கழுத்திலிருந்து கயிற்றை எடுத்தார்கள். அந்தக் குடை மட்டும் வெளியே வராமல் இருந்திருந்தால் அவனும் அன்றைக்குப் போயிருப்பான். நியாயம் எந்த வழியாக வந்து சேர்கிறது பாருங்கள்.

ஈரம் காயும் முன்னே சபை கூடியது. “சோமநாதன் தலையை வெட்டுங்கள்!” என்றார் ராசா.

“வேண்டாம், மகாராசா,” என்றான் இருளப்பன். அவன் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “இன்று ஒரு சாவு போதும். இவர் ஆசைகாட்டிய கப்பல் துறைமுகத்தில்தான் நிற்கிறது. கட்டின துணியோடு இவரைச் சீமைக்கு அனுப்புங்கள். இவருடைய தோப்பும் வீடும் பெட்டியும் இங்கேயே இருக்கட்டும். அதிலிருந்து இவருக்கு ஒன்றும் போகாது. போகாத வருமானத்துக்கு நான்கு வருடம் சீமையில் வரியே கிடையாது.”

ராசா ஒரு கணம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். ராசா சிரித்ததும் சபையும் சிரித்தது. சிரித்து ஓய்ந்தபின், கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி இருளப்பன் கழுத்தில் போட்டார்.

“நீ இல்லாவிட்டால் என் நாடு போயிருக்கும். சீமை ஆசை இன்றோடு விட்டது. இன்னும் என்ன வேண்டும், கேள்.”

“உப்பளத்துக் குடிகளுக்கு நான்கு வருடம் வரி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

ராசாவுக்கு மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “விகடம் பேசுவதில் உனக்கு நிகர் நீயேதான்! அவர்கள் எந்த வெளிநாட்டிலிருந்து வந்தார்கள், நான்கு வருடம் கொடுப்பதற்கு? இதே மண்ணில் பிறந்து கிடப்பவர்கள்தானே!”

சபை மேலும் சிரித்தது. இருளப்பன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

தூக்குமரத்தடியில் நாச்சி உட்கார்ந்திருந்தாள். மூக்கனை இறக்கி அவள் மடியில் தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். மூக்கன் கழுத்தில் கயிறு அறுத்த இடத்தில் சடையன் தன் துண்டைச் சுற்றிவிட்டு ஒதுங்கி நின்றான். இருளப்பன் மாலையைக் கழற்றி அவள் பக்கத்தில் வைத்தான். அவள் அதைப் பார்க்கவில்லை.

“ராசா வந்துட்டாராமே,” என்றாள்.

“வந்துட்டாரு, தாயி.”

“முன்னாடியே வர முடியாம, குளத்துல தண்ணி நெறைய கெடந்துச்சோ?”

நாச்சி தலையை நிமிர்த்தி, அவன் வேட்டியில் சேற்றுத் தண்ணீர் ஏறி நின்ற ஈரக் கோடு ஒன்றைப் பார்த்தாள். கையை நீட்டி அந்த ஈரத்தைத் தொட்டாள். கோடு அவன் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டிருந்தது.