எந்த எலும்பு தாங்கும்?

“கார் ஓட்டத்தான வந்தேன் மேடம்? பெல்ட்டப் போடு, கழட்டுன்னே பொழுது போகுதே!”

தெய்வக்கனி அலுத்துக்கொண்டாள். ஐம்பதைத் தாண்டியபின் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தவள். அங்கே சொல்லிக்கொடுக்கும் ஜன்னத், அவள் மகளைவிட இளையவள்.

“மெதுவா இழுங்கக்கா” என்றாள் ஜன்னத்.

பெல்ட் வந்தது.

“இப்ப வெடுக்குன்னு.”

நின்றுவிட்டது. பலம்கொண்ட மட்டும் இழுத்தும் அசையவில்லை.

“கெட்டுப்போச்சா?”

“இல்லக்கா. கார் சட்டுன்னு நின்னாலும் நம்ம உடம்பு நிக்காது, முன்னாடி பாயும். அந்த வேகத்துல இழுபட்டா, அது இறுக்கிப் பிடிச்சுக்கும்.”

தெய்வக்கனி மாட்டினாள். கழுத்தை உறுத்தியது என்று மேல்பட்டையை அக்குளுக்குக் கீழே விட்டுக்கொண்டாள். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் கிடந்தது.

ஜன்னத் ஒரு விரலால் அவள் வயிற்றை அழுத்தினாள். அமுங்கியது.

இடுப்பெலும்பை அழுத்தினாள். அமுங்கவில்லை.

“எது தாங்கும்?”

தெய்வக்கனி கீழ்ப்பட்டையை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்புக்கு இறக்கினாள். மேல்பட்டையைத் தோளின் நடுவில் போட்டாள். முறுக்கை நீக்கி, தொய்வில்லாமல் இழுத்துவிட்டாள்.

“இப்ப சாவியப் போடுங்க.”

லைசென்ஸ் வந்தது. பழைய கார் ஒன்றும் வந்தது. முதல் பயணம், கயத்தாறில் ஒரு கல்யாணத்துக்கு. பக்கத்தில் தம்பி தங்கபாண்டி. பின்னால் அவன் மனைவி செல்வி.

“பின்னாடி இருக்கிறவளுக்குமா பெல்ட்டு? ராக்கெட்டா விடப்போற?” என்று தம்பி சிரித்தான்.

தெய்வக்கனி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“முகூர்த்தத்துக்கு நேரமாச்சுக்கா.”

“ஆமா, ஆச்சு.”

கை மடியிலேயே இருந்தது.

செல்வி மாட்டிக்கொண்டாள். தங்கபாண்டி முனகிக்கொண்டே மாட்டி, அக்குளுக்குக் கீழே விட்டான். அக்கா எட்டி அதைத் தோளுக்கு ஏற்றினாள். அதன் பிறகுதான் வண்டி நகர்ந்தது.

ஊருக்கு வெளியே, பக்கத்துப் பாதையிலிருந்து ஒரு டிராக்டர் பார்க்காமல் குறுக்கே ஏறியது. பிரேக்கை ஏறி மிதித்தும் கார் நிற்கவில்லை. டிரெய்லரில் மோதி முன்பக்கம் அப்பளமாய் நொறுங்கியது.

தங்கபாண்டி முகத்தைத் தடவிப் பார்த்தான். முழுசாக இருந்தது. திரும்பினான். செல்வி கண்ணை அகல விரித்தபடி உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கும் ஒன்றுமில்லை.

கூட்டம் கூடிவிட்டது.

“யாருய்யா ஓட்டுனது?” என்று ஒருவர் அதட்டினார்.

தங்கபாண்டி இறங்கினான். தோளிலிருந்து இடுப்புவரை வலி பிய்த்தது. ஆனாலும் நிமிர்ந்து நின்றான்.

“எங்கக்கா!”

பட்டறையிலிருந்து கார் வந்த அன்று தெய்வக்கனி நேரே ஜன்னத்திடம் போனாள்.

“பெல்ட்டு பாக்க நல்லாத்தான் இருந்துச்சு மேடம். எல்லாத்தையும் மாத்திட்டாரு மெக்கானிக்.”

“ஒரு மோதலைத் தாங்குன பெல்ட்டை மறுபடி நம்பக் கூடாதுக்கா.”

தெய்வக்கனி தலையைக் குனிந்தாள்.

“என்னையும் அப்படித்தான் சொல்றாக, சொந்தக்காரவுக. நான் இனி ஓட்டலாமா?”

ஜன்னத் எழுந்தாள். கைப்பையை எடுத்தாள். பள்ளிக் கதவைப் பூட்டினாள்.

தெய்வக்கனியின் காரில் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டினாள்.

“வீட்ல விட்ருங்கக்கா.”