மணல்மேட்டில் நிற்பவர்

வடிவம்மைக்கு நாற்பத்தைந்து வயது. அவருடைய சீடர் மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு. மூத்தவர் போய் இளையவரிடம் பாடம் கேட்பதா என்று ஊரில் நாலு பேர் சிரித்தார்கள். வடிவம்மையும் சேர்ந்துதான் சிரித்தார்.

மடம் சவுக்குத் தோப்புக்குள் இருந்தது. அங்கிருந்து கடற்கரைக்கு அரை மணி நேர நடை. நாலு வருடத்தில் மாசிலாமணி ஒரு நாளும் அந்தப் பக்கம் நடக்கவில்லை. மடத்தில் சேர்ந்த அன்றே, "கடல் பக்கம் ஜன்னல் இல்லாத அறையாக் குடுங்கம்மா" என்று கேட்டார். ஜன்னலே இல்லாத அறை ஒன்றுதான் இருந்தது, மாட்டுக் கொட்டகையை ஒட்டிய வைக்கோல் அறை. அதை வாங்கிக்கொண்டார்.

அதற்கு முன் முப்பது வருடம் அவருக்குக் கடலைப் பார்ப்பதுதான் வேலை. ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல்மேடு உண்டு. கரைவலை போடும் நாளில் ஒருவர் அதன் உச்சியில் நின்று, மீன் கூட்டம் எங்கே என்று பார்த்து, துண்டை வீசிக் காட்டுவார். படகு அந்தப் பக்கம் போகும். மாசிலாமணி அளவுக்குக் கூர்மையான கண் அந்தக் கரையில் யாருக்கும் கிடையாது. மேட்டில் நிற்பவர் படகில் ஏறினால் பார்வை மங்கிவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அவரும் முப்பது வருடம் படகில் கால் வைக்கவில்லை.

நாலு வருடத்துக்கு முன் ஒரு தை மாதக் காலை. ஆலாப் பறவைகள் கூட்டமாகக் கடலில் விழுந்து எழுந்துகொண்டிருந்தன. கீழே காலா மீன் என்று நினைத்துத் துண்டை வீசினார். காலா என்பது நகரத்து ஓட்டல்களில் சால்மன் என்று பெயர் மாற்றி விற்கிற மீன்தான். வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் வரும், ஊரே அதற்குக் காத்திருக்கும். அன்று வலைக்குள் காலாவோடு ஓங்கிலும் வந்தது. டால்பினை அங்கே ஓங்கில் என்பார்கள். மூன்று ஓங்கில்கள் திமிறியதில் வலை கிழிந்தது. கயிறு சுண்டியதில் அவருடைய தங்கை கணவர் அஞ்சப்பனுக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று. மறுநாளே மாசிலாமணி மடத்துக்கு வந்துவிட்டார்.

இந்த வருடம் மழை பிந்திப் பெய்தது. தை பிறந்த பிறகுதான் ஆறு மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலில் இறங்கியது. கலங்கல் தண்ணீரைத் தேடி இறால் வந்தது. இறாலைத் தேடிக் காலா வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அஞ்சப்பன் மடத்துக்கு வந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாசிலாமணி அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார்.

"மச்சான், காலா வந்திருக்கு. அஞ்சு நாளா வலை சும்மா வருது."

"மேட்டுல யாரு நிக்கிறா?"

"யாரும் இல்ல. நின்னவருக்குக் கண்ணுல புரை. ஆபரேஷனுக்குப் போயிட்டாரு. இன்னும் நாலஞ்சு நாள்தான். தண்ணி தெளிஞ்சிடுச்சுன்னா மீன் போயிடும். நீங்க வரணும்."

"என்னால ஆகாது மாப்ளே."

அஞ்சப்பன் வேறு எதையோ சொல்ல வந்தவர் போல நின்றார். பிறகு மாட்டைத் தடவிக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

மாசிலாமணி வடிவம்மையிடம் போனார். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க ஐயா."

"நான் காட்டுறது மீன்தானான்னு சந்தேகமே இல்லாம தெரிஞ்சுக்க என்ன வழி?"

"தெரிஞ்சா போய் நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"எனக்குத் தெரியாது. காலையில போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்வதைத் தொடர்ந்தார்.

காலையில் அஞ்சப்பனும் வந்து சேர, மூவரும் நடந்தார்கள். வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கடல் தெரிந்ததும் மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். கரையில் ஐம்பது பேர் கயிற்றோடு காத்திருந்தார்கள். யாரும் அவரை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திரும்பி நடந்திருப்பார்.

மேட்டின் அடியில் வடிவம்மை நின்றார்.

"துண்டைக் குடுங்க ஐயா."

கொடுத்தார்.

"மேட்டுல நான் நிக்கிறேன். நீங்க படகுல போங்க."

மாசிலாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்குக் கடலைப் பத்தி ஒண்ணும் தெரியாதேம்மா."

"தெரியாது."

"படகுல ஆறு பேரு போறாங்க."

"உங்களோட ஏழு."

"நான் ஏறக் கூடாது. கண்ணு போயிடும்."

"நாலு வருஷமா அந்தக் கண்ணை வெச்சு என்ன பண்ணீங்க?"

மாசிலாமணிக்குக் கோபம் வந்தது. குருவிடம் அவர் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கோபத்தோடேயே போய்ப் படகில் ஏறி உட்கார்ந்தார்.

அலையைத் தாண்டியதும் படகு நிதானித்தது. ஆற்றின் செம்மண் தண்ணீரும் கடலின் பச்சைத் தண்ணீரும் முட்டிக்கொள்ளும் இடத்தில் நுரை நீளமாகக் கோடு போட்டிருந்தது. வடக்கிலிருந்து நீரோட்டம் இழுத்தது. மேட்டில் வடிவம்மை சின்னதாகத் தெரிந்தார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு துண்டு அசைந்தது.

"வடக்கே காட்டுறாங்க" என்றார் அஞ்சப்பன்.

படகு வடக்கே போனது. அங்கேயும் ஆலாப் பறவைகள் விழுந்து எழுந்துகொண்டிருந்தன. மாசிலாமணி பலகையை இறுகப் பிடித்துக்கொண்டார். எதைப் பார்த்தாலும் அவருக்கு அந்தப் பழைய காலையாகவே தெரிந்தது.

"போடாதீங்க" என்றார்.

அஞ்சப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்ஜினை நிறுத்தச் சொன்னார். துடுப்பைத் தண்ணீரில் செங்குத்தாக இறக்கி, அதன் மேல் நுனியில் காதை வைத்தார். படகில் யாரும் மூச்சு விடவில்லை.

"சீட்டி அடிக்குது. ஓங்கில்தான். காலாவை மடக்கி வெச்சிருக்கு. இங்க வேணாம், கொஞ்சம் தெக்கே தள்ளிப் போவோம்."

இன்ஜின் மறுபடி ஓடியது. ஒருவர் வெற்றிலையை எடுத்தார். யாருக்கும் பதற்றம் இல்லை.

மாசிலாமணி கேட்டார். "அம்மா காட்டின இடத்துல போடலையா?"

"மேட்டுலேருந்து காட்டுற பக்கம் போவோம் மச்சான். போடுறதா வேணாமாங்கிறதை இங்கதான் முடிவு பண்ணுவோம்."

"நான் நின்னப்பவுமா?"

"எப்பவும் அப்படித்தான். உங்க கண்ணு நல்ல கண்ணு. அதுக்காக காதைக் கரையில விட்டுட்டா வர முடியும்?" அஞ்சப்பன் பலகைக்கு அடியில் கை விட்டு ஒரு கத்தியை எடுத்துக் காட்டினார். "ஏதாவது தப்பாப் போனா வலையை அறுத்து விடறதுக்கு. எங்கப்பா காலத்துலேருந்து இருக்கு."

முப்பது வருடமாகப் படகில் ஒரு கத்தி இருந்தது மாசிலாமணிக்குத் தெரியாது. துண்டை வீசினால் வலை விழும், அவ்வளவுதான் அவர் அறிந்தது.

"அன்னைக்கு?" என்றார்.

அஞ்சப்பன் கத்தியைக் கீழே வைத்தார். இரண்டு விரல் இல்லாத கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"அன்னைக்கும் சீட்டி கேட்டுச்சு. ஓங்கிலோட முதுகைக்கூடப் பாத்தேன். இவங்க எல்லாரும் வேணாம்னாங்க. உள்ள அவ்வளவு காலா கெடந்துச்சு மச்சான், விட மனசு வரலை. போடுன்னு சொன்னது நான்தான். கத்தியைத் தேடுனது லேட்டு."

மற்ற ஐந்து பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க மறுநாளே சாமியாராப் போயிட்டீங்க. என்னால ஒருத்தர் சாமியாரா ஆயிட்டாருன்னு நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது? உங்க தங்கச்சி தெனம் ஏசுறா. மூணு தடவை மடத்து வாசல் வரைக்கும் வந்தேன். வெக்கமா இருந்துச்சு, திரும்பிட்டேன். நேத்தும் சொல்லத்தான் நெனச்சேன்."

மாசிலாமணி அழுதார். அறுபத்திரண்டு வயதில் ஆறு பேர் எதிரில் அழுகிறோமே என்று கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல் இருந்தது. அஞ்சப்பனும் அழுதார். வெற்றிலைக்காரர்தான் கடைசியில், "அழுது முடிச்சிட்டா வலையைப் போடலாம், மீன் காத்துக்கிட்டிருக்காது" என்றார். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

தெற்கே தள்ளி வலை விழுந்தது. கரையில் ஐம்பது பேர் இழுத்தார்கள். மாசிலாமணியும் இறங்கி அஞ்சப்பனுக்குப் பக்கத்தில் நின்று கயிறு பிடித்தார். வலையின் பை போன்ற மடியில் காலா வெள்ளையாகத் துள்ளியது. வலைக்கு வெளியே, தொலைவில், ஓங்கில்கள் தங்கள் பங்கைத் தின்றுகொண்டிருந்தன.

ஈரத்தோடு அவர் மேட்டில் ஏறினார். வடிவம்மை மணலில் உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சப்பன் சொன்னது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"என்ன சொன்னாரு?"

மாசிலாமணி எல்லாவற்றையும் சொன்னார். வடிவம்மை முழுதும் கேட்டார்.

"அப்படியா" என்றார்.

"நாளைக்கு நான் இங்க நிக்கிறேன்."

"தப்பாக் காட்டிட்டா?"

"படகுல ஆறு பேரு இருக்காங்க."

வடிவம்மை துண்டை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். மாசிலாமணி அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கப் போனவர் நின்றார்.

"ஆனா ஒண்ணும்மா. உங்களுக்குக் கடல் தெரியாது. வடக்கே காட்டினீங்க, அங்க கூட்டம் இருந்துச்சு. எதைப் பாத்துத் துண்டை வீசுனீங்க?"

"நான் எங்க வீசுனேன்? வெயில்ல வேர்த்துச்சு, முகத்தைத் துடைச்சேன்."