பூட்டிய கிணறு

ஆவணி வளர்பிறை பதின்மூன்றாம் நாள், விடிந்து மூன்று நாழிகைக்கெல்லாம், உப்பளத்துப் பெண்கள் பதினேழு பேர் புத்த விகாரை முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் இருந்தவள் பெயர் பூதி. அவள் மடியில் காய்ச்சலோடு மகள் கிடந்தாள்.

அன்று அறம் உரைக்கும் முறை சீலருடையது.

சீலருக்கு வயது அறுபத்திரண்டு. முப்பது வருடம் அதே உப்பளத்தில் பாத்தி கட்டியவர். மனைவி இறந்தபின் துவராடை உடுத்தி நான்கு வருடம் ஆகியிருந்தது. விகாரையில் மூப்பு என்பது துறவு பூண்ட நாளிலிருந்து எண்ணப்படும். ஆகவே அங்கே எல்லோருக்கும் மூத்தவர் முப்பத்தெட்டு வயது நந்திசேனர். எட்டு வயதில் வந்தவர். சீலருக்கு அவர்தான் ஆசிரியர். தினமும் காலையில் சீலர் அவர் காலில் விழ வேண்டும். முழங்கால் வலிக்க வலிக்க விழுவார்.

அன்று பாடம் செய்ததைச் சீலர் அப்படியே சொன்னார். பிறப்பு துன்பம். மூப்பு துன்பம். பிணி துன்பம். சாவு துன்பம். வேண்டியது கிடைக்காததும் துன்பம்.

அவர் முடிக்கும்வரை பூதி பொறுத்திருந்தாள்.

"நல்லா இருக்குது சாமி. கிணத்தைப் பூட்டுறது இதுல எங்க வருது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கிணறு பூட்டிப் பத்து நாள் ஆகிறது என்றாள். உச்சிவெயிலில் உப்பு வார மாட்டோம் என்று பெண்கள் சொன்னதற்கு உப்பளத்துச் சொந்தக்காரர் இளநாகர் கொடுத்த பதில் அது. அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான். உவர் நீரைத்தான் குடிக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். முறையிடப் போனபோது இளநாகர் கோபப்படக்கூட இல்லை. வாழ்க்கை என்றாலே துன்பம்தான், விகாரைக்குப் போய் அறம் கேளுங்கள், மனம் ஆறும் என்று அனுப்பி வைத்தார்.

சீலர் நேரே ஆசிரியரிடம் போனார். காலில் விழவில்லை.

"அந்த ஆள் கிணற்றைப் பூட்டினான். நான் அந்தப் பெண்கள் வாயைப் பூட்டினேன். இதற்கா தலையை மழித்தேன்?"

நந்திசேனர் படித்துக்கொண்டிருந்த சுவடியைக் கட்டி வைத்தார்.

"துன்பத்தை என்ன செய்ய வேண்டும் என்று பாடம்?"

"முழுதாக அறிய வேண்டும்."

"அறிந்தீர்களா?"

"அந்தக் கிணற்றை நம்பி முப்பது வருடம் இருந்தவன் நான். அது வற்றிய கோடைகளில் உவர் நீரும் குடித்தவன். நீங்கள் குடித்ததுண்டா?"

"இல்லை."

"அப்படியென்றால் அறியாதவர் நீங்கள்தான்."

நந்திசேனர் மறுக்கவில்லை. பௌர்ணமிக்கு அன்னமிடுவது யார் என்று மட்டும் கேட்டார். வருடாவருடம் இளநாகர்தான், நெய்ச்சோறு, கூரை வேய ஓலையும் அவர்தான் தருகிறார் என்று சீலர் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார்.

அன்று பகல் முழுவதும் நந்திசேனரைக் காணவில்லை. மாலையில் உதடு வெடித்துத் திரும்பினார். உப்பளத்தில் இருந்தாராம். பெண்கள் குடித்ததையே குடித்தாராம். மறுநாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

பௌர்ணமியன்று துறவிகள் இருபத்திரண்டு பேர் மூப்பின்படி வரிசையாக உட்கார்ந்தார்கள். இளநாகர் தாமே அகப்பையோடு வந்தார்.

நந்திசேனர் தம் பாத்திரத்தைத் தரையில் கவிழ்த்தார்.

விகாரைக்கு அன்னமிடும் வீட்டார் எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும். இனி உன் கைச்சோறு வேண்டாம்.

இளநாகர் முகம் கறுத்தது. பாத்திரம் கவிழ்க்க விதியில் எட்டுக் காரணங்கள் இருக்கின்றன, கிணறு அவற்றில் இல்லையே என்றார். படித்த மனிதர்.

"இல்லை" என்றார் நந்திசேனர்.

"பிறகு என் சோற்றில் என்ன குற்றம்?"

"சோற்றில் ஒன்றுமில்லை. எனக்குத் தாகம்."

"தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறேன்."

"எந்தக் கிணற்றிலிருந்து?"

அகப்பை அப்படியே நின்றது. வரிசையில் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. எல்லாம் அல்ல. ஒன்பது பேர், கூரையை நினைத்தோ பசியை நினைத்தோ, நிமிர்த்தியே வைத்திருந்தார்கள். சீலர் கவிழ்த்த வேகத்தில் அவருடைய மண்பாத்திரத்தின் விளிம்பு உடைந்தது.

ஆவணித் தேய்பிறை நான்காம் நாள் காலை கிணற்றின் பூட்டு எடுக்கப்பட்டது. பூதியின் மகளை முந்தின நாள் மாலை புதைத்திருந்தார்கள்.